‘விருந்தினரை ஒப்படையுங்கள்’: வானா பழங்குடியினரிடம் கேட்கப்பட்டது என்ன?

பாகிஸ்தானின் தெற்கு வசிரிஸ்தான் பகுதியில், ஆப்கானிஸ்தான் எல்லைக்கு அருகே வானா என்ற சிறிய நகரம் உள்ளது. 2004ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், அந்நகரைச் சுற்றி வாழும் அஹ்மத்சாய் வசீர் பழங்குடியினரின் மூத்தோரிடம் பாகிஸ்தான் அதிகாரிகள் ஒரு கோரிக்கையை முன்வைத்தனர். அவர்களது மண்வீடுகளில் தங்கியிருந்த உஸ்பெக்கியர், செச்னியர், அரபியர் ஆகியோரையும், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களையும் பழங்குடியினரே பிடித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அது. தவறினால் தண்டனை தனி மனிதர்களோடு நின்றுவிடாது. குலம் முழுவதற்கும் கிடைக்கும் என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

கோரிக்கை விடுத்தது பாகிஸ்தான் அரசு என்றாலும், அதன் பின்னால் இருந்தது அமெரிக்காவின் அழுத்தம் என்பதை வானாவில் அறியாதவர் இல்லை. வந்து தங்கியிருந்தவர்களோ போர்க்களங்களில் பழகிய ஆயுததாரிகள். ஒப்படைக்க முயன்றால் அவர்களது துப்பாக்கிகளை எதிர்கொள்ள வேண்டும். ஒப்படைக்காவிட்டால் அரசின் பீரங்கிகளை எதிர்கொள்ள வேண்டும்.

அந்நாட்களில் செய்தியறைக்குப் புதியவனாக இருந்த எனக்கு ஒரு சிறு சிக்கல் ஏற்பட்டது நினைவிருக்கிறது. ஆங்கிலச் செய்திகளில் வந்த ஒரு வினைச்சொல்லை ‘அடைக்கலம் கொடுத்தனர்’ என்று எழுதினால் வசீர்கள் அறவோர் ஆகிவிடுவர். ‘பதுக்கி வைத்தனர்’ என்று எழுதினால் குற்றவாளிகள் ஆகிவிடுவர். கடைசியில் ‘தங்க இடமளித்தனர்’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டோம். வானா மக்களுக்கு அப்படி நழுவுவதற்கு இடமிருக்கவில்லை.

உலக ஊடகங்கள் இதைப் பெரும்பாலும் விருந்தோம்பலுக்கும் சட்டத்துக்கும் இடையிலான மோதலாகவே வர்ணித்தன. ஆனால் அதன் பின் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. ஆபத்தான விருந்தினரை வெளியேற்றும் வழி பஷ்தூன் மரபுக்குள்ளேயே இருந்தது. அந்த வழியைத் திறக்கக்கூடியவர்கள் ஊர் மூத்தோர். அவர்களது அதிகாரத்தை, ஒப்படைக்கச் சொன்னவர்களும் ஒப்படைக்கப்பட வேண்டியவர்களும் ஆளுக்கொரு பக்கமாக நின்று அழித்தார்கள்.

எழுதப்படாத சட்டம்

பஷ்தூன் மக்கள் தங்கள் வாழ்க்கை நெறியைப் பஷ்தூன்வாலி என்று அழைக்கின்றனர். அது ஒரு சட்டநூலாக எழுதி வைக்கப்பட்டதல்ல. குலத்துக்குக் குலம் சற்று மாறுபடும். வழிப்போக்கர் எவராயினும் ஹுஜ்ரா எனப்படும் ஊர் விருந்தினர் மனையில் உணவும் படுக்கையும் பெறுவது மெல்மஸ்தியா. உயிருக்கு அஞ்சி வருபவர் அடைக்கலம் கோருவது நனவாதே. ‘உள்ளே நுழைதல்’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். வாசலுக்குள் நுழைந்துவிட்டவர் பகைவராகவே இருந்தாலும் வீட்டுக்காரர் அவரைக் காக்கக் கடமைப்பட்டவர். காக்கத் தவறிய குடும்பம் அந்தப் பழியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும்.

இவ்வளவும் பலமுறை எழுதப்பட்டவை. குறைவாகப் பேசப்படுவது இந்த மரபின் மறுபாதி. விருந்தினருக்கும் கட்டுப்பாடு உண்டு. தங்கியிருக்கும் வீட்டைத் தளமாக்கிக்கொண்டு வெளியே சென்று பிறரைத் தாக்கி, அந்தப் பகையை வீட்டுக்காரர் தலையில் ஏற்றுவதை மரபு ஏற்பதில்லை. விருந்தினரால் ஊருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் ஜிர்கா எனப்படும் மூத்தோர் அவை கூடிப் பேசும். பகைவரின் கையில் பிடித்துக் கொடுப்பதற்கும், என்ன வந்தாலும் ஊரிலேயே வைத்திருப்பதற்கும் நடுவே அந்த அவைக்கு ஒரு வழி தெரியும். ஆயுதம் ஏந்திய துணையோடு அவரைக் குலத்தின் எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிடுவது. இந்த வழித்துணைக்குப் பத்ரகா என்று பெயர். வழித்துணையோடு செல்பவரைத் தாக்குவது, துணை அனுப்பிய குலத்தையே தாக்குவதற்கு ஒப்பாகும்.

ஆக, ‘அவர்களைப் போகச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தால் அதற்கு மரபில் விடை இருந்தது. ‘பிடித்துக் கொடுங்கள்’ என்பதற்குத்தான் விடை இல்லை.

எழுதப்பட்ட சட்டம்

வசிரிஸ்தானில் எழுதப்பட்ட சட்டமும் ஒன்று இருந்தது. எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குவிதி என்ற அச்சட்டத்தை 1901இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்தது. 1947இல் விடுதலை பெற்ற பாகிஸ்தான் அதைப் பெரிய மாற்றமின்றி வைத்துக்கொண்டது. பழங்குடிப் பகுதிகளை நிர்வகித்த அதிகாரியான அரசியல் முகவருக்கு அது அளித்த அதிகாரம் மிகப் பெரியது. ஒரு குலத்தைச் சேர்ந்த ஒருவர் குற்றம் செய்தாலோ, குற்றவாளிக்கு இடம் கொடுத்தாலோ, அக்குலத்தைச் சேர்ந்த எவரையும் அவர் கைது செய்யலாம்; உடைமைகளைக் கைப்பற்றலாம்; குலம் முழுவதையும் சாலைகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் தடுத்து முற்றுகையிடலாம். வழக்கறிஞரும் இல்லை, வழக்கமான நீதிமன்றங்களில் மேன்முறையீடும் இல்லை. 2011இல் வந்த ஒரு திருத்தம், 16 வயதுக்குட்பட்டவர்களையும் பெண்களையும் 65 வயதைக் கடந்தவர்களையும் கூட்டுப் பொறுப்பின் பேரில் கைது செய்யக் கூடாது என்றது. அதற்கு முந்தைய நிலை என்னவாக இருந்தது என்பதை அத்திருத்தத்திலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய சிந்தனை தமிழர்களுக்குப் புதிதல்ல. பிறப்பைக் கொண்டே ஒரு சமூகத்தைக் குற்றத்துக்குப் பொறுப்பாக்கிய குற்றப் பழங்குடிகள் சட்டத்தை 1871இல் இயற்றியதும் அதே பிரிட்டிஷ் இந்திய அரசுதான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920 ஏப்ரலில் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர் சமூகத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தச் சட்டத்தை நிறைவேற்றுவதற்காகவே. சென்னையில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. வசிரிஸ்தானின் ஒழுங்குவிதியோ 2018 வரை உயிரோடு இருந்தது.

விருந்தினரைக் காரணம் காட்டி வசிரிஸ்தானை நெருக்குவதும் 2004இல் தொடங்கியதல்ல. இப்பி ஃபக்கீர் என்று அறியப்பட்ட மிர்ஸா அலி கான் 1936-37இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, அவர் இருந்த பகுதியின் தோரி கேல் வசீர்கள் அதற்குப் பொறுப்பாளிகள் ஆக்கப்பட்டனர். துண்டுப் பிரசுரங்களைப் போட்டு எச்சரித்துவிட்டு விமானங்கள் ஊர்கள் மீது குண்டு வீசின. 1937இல் அங்கே ஏறக்குறைய 40 ஆயிரம் படையினர் ஈடுபடுத்தப்பட்டனர். தோரி கேல் மூத்தோர் இறுதியில் அரசுடன் இணங்கிப்போனார்கள். ஃபக்கீரோ இடம் பெயர்ந்து, எல்லையோரத்தில் உள்ள குர்வேக் குகைகளில் போய்த் தங்கினார். அவரை யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சி போய் 13 ஆண்டுகள் கழித்து, 1960இல், அவர் நோயுற்று இறந்தார். குலம் தப்பியது, மரபும் தப்பியது.

காந்தஹாரில் நடந்தது

வானாவுக்கு விருந்தினர்கள் வந்து சேர்ந்த கதை, ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் எடுக்கப்பட்ட, அல்லது எடுக்கப்படாமல் போன, ஒரு முடிவிலிருந்து தொடங்குகிறது.

அல் கைதா தலைவர் ஒசாமா பின் லாடன் 1996 மே மாதம் சூடானிலிருந்து ஜலாலாபாத்துக்கு வந்தபோது அந்நகரம் தாலிபான் வசம் இருக்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஜலாலாபாத்தை அவர்கள் கைப்பற்றியபோது, ஊரோடு சேர்ந்து கிடைத்த விருந்தினர் அவர். பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுப்பதைத் தவிர்க்கும்படி தாலிபான் தலைவர் முல்லா ஒமர் அவரைக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்கவில்லை. 1998 பிப்ரவரியில் அமெரிக்கர்களைக் கொல்லுமாறு அறிக்கை விடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நைரோபி, தார் எஸ் ஸலாம் நகரங்களின் அமெரிக்கத் தூதரகங்கள் மீது நடந்த குண்டுத் தாக்குதல்களில் 224 பேர் கொல்லப்பட்டனர். அவரை ஒப்படைக்குமாறு ஐ.நா. பாதுகாப்புச் சபை 1999 அக்டோபரில் 1267ஆம் தீர்மானத்தின் மூலம் கோரியது. விமானப் போக்குவரத்துக்கும் நிதிக்கும் தடைகள் வந்தன. 2000 டிசம்பரில் தடைகள் கடுமையாக்கப்பட்டன.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஏறக்குறைய 3 ஆயிரம் பேர் கொல்லப்பட்ட பிறகு, செப்டம்பர் 20ஆம் தேதி காபூலில் நூற்றுக்கணக்கான மதகுருமார் கூடினர். பின் லாடன் தாமாகவே நாட்டை விட்டு வெளியேறுமாறு அவரை இணங்கச் செய்ய வேண்டும் என்று முல்லா ஒமருக்கு அவர்கள் பரிந்துரைத்தனர். மதத்தின் மொழியில் சொல்லப்பட்டாலும் பழைய பத்ரகா மரபின் சாயல் அதில் உண்டு. பிடித்துக் கொடுக்க வேண்டாம், போகச் சொல்லலாம். அதே நாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அதிபர் ஜார்ஜ் புஷ், அல் கைதா தலைவர்களை ஒப்படைப்பதற்குக் குறைந்த எதையும் ஏற்பதற்கில்லை, பேச்சுவார்த்தைக்கும் இடமில்லை என்றார். முல்லா ஒமரும் மதகுருமாரின் பரிந்துரையைச் செயல்படுத்தவில்லை. அக்டோபர் 7ஆம் தேதி குண்டுவீச்சு தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, குண்டுவீச்சு நின்று ஆதாரமும் தரப்பட்டால் மூன்றாவது நாடொன்றிடம் ஒப்படைக்கலாம் என்று மூத்த தாலிபான் தலைவர் மௌலவி அப்துல் கபீர் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. வாஷிங்டன் மறுத்துவிட்டது.

இதைப் பஷ்தூன் விருந்தோம்பலின் உச்சமாக வர்ணிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விருந்தளிப்பவர் பணயம் வைப்பது தன் வீட்டை, தன் உயிரை. முல்லா ஒமர் பணயம் வைத்தது ஒரு நாட்டை. அதில் வாழ்ந்த ஹசாராக்களையோ தாஜிக்குகளையோ, ஏன், சாதாரண பஷ்தூன் விவசாயிகளையோ எவரும் கேட்கவில்லை. கூடிய ஒரே பெரிய அவை வேறு வழியைச் சொன்னது.

ஷகாயில் விழுந்த மாலைகள்

தாலிபான் ஆட்சி வீழ்ந்ததும், 2001 டிசம்பரிலும் 2002 மார்ச்சில் கிழக்கு ஆப்கானிஸ்தானின் ஷாஹி கோட் பள்ளத்தாக்கில் நடந்த சண்டைக்குப் பிறகும், அல் கைதாவினரும் உஸ்பெகிஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தினரும் எல்லை தாண்டி வசிரிஸ்தானுக்குள் வந்தனர். 1893இல் வரையப்பட்ட டியூரண்ட் எல்லைக்கோடு வசீர்களின் நிலத்தின் ஊடாகவே செல்கிறது. அதைக் கடப்பது அவர்களுக்கு அன்றாட நிகழ்ச்சி. அரபியர் சிலர் அப்பகுதிக்குப் பழையவர்கள். 1980களில் சோவியத் படைகளை எதிர்க்க அவர்கள் வந்தபோது வாசலைத் திறந்து வைக்கச் சொன்னதும் இதே பாகிஸ்தான் அரசுதான். அப்போது அமெரிக்காவுக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

இந்த விருந்தோம்பலை மிகைப்படுத்தி அழகுபார்க்கவும் வேண்டியதில்லை. புதிதாக வந்த வெளிநாட்டவர் வீடுகளுக்கும் பொருட்களுக்கும் தாராளமாகப் பணம் கொடுத்தனர். அந்தப் பணத்தால் ஏற்றம் பெற்ற உள்ளூர் இளைஞர்கள் இருந்தனர். எனவே வானாவில் ‘விருந்தினர்’ என்ற சொல் அடைக்கலம் புகுந்தவரையும் குறித்தது, வாடகைக்கு இருந்தவரையும் குறித்தது.

2004 மார்ச் 16ஆம் தேதி வானாவுக்கு அருகே உள்ள கலூஷாவில் துணைப்படையினர் சில வீடுகளைச் சுற்றி வளைத்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்துப் பலரை இழந்தனர். அடுத்து ராணுவம் வந்தது. ஏறக்குறைய 2 வாரம் சண்டை நடந்தது. முக்கியமான ஒருவர் முற்றுகைக்குள் சிக்கியிருப்பதாக அதிபர் முஷாரஃப் சொன்னதும், அது அய்மன் அல் ஜவாஹிரியாக இருக்கலாம் என்று உலகம் முழுவதும் செய்தி பரவியது. முற்றுகையின் முடிவில் அப்படி யாரும் அகப்படவில்லை. உஸ்பெக் இயக்கத் தலைவர் தாஹிர் யுல்தாஷெவ் தப்பியிருந்தார். வீடுகள் இடிபட்டன; குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்த படையினர் மீண்டது ஜிர்காவின் முயற்சியால்.

அதன் பின் மூத்தோர் தங்கள் மரபுப்படி ஒரு லஷ்கரைத் திரட்டினர். லஷ்கர் என்பது குலத்தின் பொதுக் காரியத்துக்காக வீட்டுக்கு ஒருவராகத் திரளும் ஆயுதப் படை. ஆனால் தன் விருப்பால் திரளும் படைக்கும், அரசின் மிரட்டலால் திரளும் படைக்கும் வேறுபாடு உண்டு. பல ஊர்களில் லஷ்கர் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் 24ஆம் தேதி ஷகாய் என்ற இடத்தில் அரசு உடன்பாட்டுக்கு வந்தது. தேடப்பட்ட 5 பழங்குடித் தலைவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் முதன்மையானவர் 30 வயதை எட்டாத நேக் முஹம்மது. வெளிநாட்டவர் அரசிடம் பதிவு செய்துகொண்டு அமைதியாக வாழலாம் என்று அரசு தரப்பு கூறியது. ராணுவத் தளபதி சஃப்தர் ஹுசைன் நேக் முஹம்மதுவைக் கட்டித் தழுவினார். இருவர் கழுத்திலும் மாலைகள். நேக் முஹம்மது அதைப் பார்த்த விதம் வேறு. தான் அரசிடம் போகவில்லை, அரசே தன் இடத்துக்கு வந்தது என்ற பொருளில் அவர் பேசினார். நனவாதே மரபில் யார் யாருடைய வாசலுக்குள் நுழைகிறார் என்பதே கேள்வி. நுழைபவரே கேட்பவர். இந்தக் கணக்கில் அன்று கேட்டு வந்தது பாகிஸ்தான் ராணுவம்.

மூத்தோரைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. ஒப்படைக்காவிட்டால் குலத்தையே தண்டிப்பதாக அவர்களை மிரட்டிய அரசு, ஒப்படைக்க மறுத்துச் சுட்டவருக்கு மாலை போட்டது. இனி யார் சொல் எடுபடும் என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது.

பதிவு செய்வது உடன்பாட்டில் இல்லவே இல்லை என்று நேக் முஹம்மது மறுத்தார். கெடு தள்ளிப்போடப்பட்டது, மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. பிறகு அரசு பழைய ஒழுங்குவிதியைக் கையில் எடுத்தது. வானா சந்தை மூடப்பட்டது. ஆப்பிளும் காய்கறியும் விற்றுப் பிழைத்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், எந்த வெளிநாட்டவரையும் வீட்டில் வைத்திராதவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தண்டிக்கப்பட்டனர். ஜூன் 18ஆம் தேதி நேக் முஹம்மது ஏவுகணை ஒன்றால் கொல்லப்பட்டார். தாங்களே தாக்கியதாகப் பாகிஸ்தான் ராணுவம் அப்போது கூறியது. அது பாகிஸ்தான் மண்ணில் அமெரிக்க ஆளில்லா விமானம் நடத்திய முதல் தாக்குதல் என்பது பின்னர் வெளியானது.

சப்ரேயின் முடிவு

ஓராண்டு கழித்து, எல்லைக்கு மறுபுறம், ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் இதே மரபு எதிர்த் திசையில் செயல்பட்டது. 2005 ஜூன் 28ஆம் தேதி அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவைச் சேர்ந்த 4 பேர் மலையில் தாக்கப்பட்டனர். மூவர் இறந்தனர். உதவிக்கு வந்த ஹெலிகாப்டரும் சுட்டு வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 16 பேரும் இறந்தனர். உயிர் பிழைத்த மார்க்கஸ் லட்ரெல்லைக் காயங்களோடு கண்டெடுத்தவர் முஹம்மது குலாப் என்ற கிராமத்தவர். சப்ரே என்ற அவ்வூருக்கு லட்ரெல் தூக்கிச் செல்லப்பட்டார்.

தாலிபான் வந்து அவரை ஒப்படைக்கச் சொன்னது. ஊர் மறுத்தது. மிரட்டல் வந்தது, மீண்டும் மறுத்தது. இடம் மாற்றி மாற்றி அவரைக் காத்துக்கொண்டே, அமெரிக்க முகாமுக்கு ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார்கள். ஜூலை 2ஆம் தேதி அவர் மீட்கப்பட்டார்.

அந்தச் சில நாட்களில் நடந்தவை பற்றி லட்ரெல்லும் குலாபும் பின்னர் வெவ்வேறு விதமாகப் பேசியிருக்கின்றனர். ஆனால் ஊர் மறுத்தது என்பதில் வேறுபாடில்லை. அமெரிக்காவில் இது நூலாகவும் திரைப்படமாகவும் வந்து, பஷ்தூன் மக்களின் உயர்ந்த பண்பு என்று பாராட்டப்பட்டது. வானாவில் குற்றமாக இருந்த அதே பண்புதான்.

ஆயினும் சப்ரேயையும் வானாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சப்ரேயில் இருந்தவர் நடக்க முடியாத ஒரே ஒருவர். அவர் அவ்வூரிலிருந்து யாரையும் தாக்கப் போவதில்லை. சில நாட்களில் போய்விடுவார் என்பதும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவை எடுத்தவர்களும் அதன் விலையைக் கொடுக்கப் போகிறவர்களும் ஒரே ஊரார். வானாவில் மூத்தோர் முடிவெடுக்கும் நிலையிலேயே விடப்படவில்லை.

விலை கொடுக்க வேண்டியும் வந்தது. குலாபும் அவரது குடும்பத்தினரும் ஆண்டுக்கணக்கில் தாலிபானின் தாக்குதலுக்கு இலக்காயினர். ஊரில் இருக்க முடியாமல் வெளியேறிய அவர் 2015இல் அமெரிக்கா சென்று அடைக்கலம் கோர வேண்டியவரானார்.

வெளியேற்றியவர்கள் யார்?

2007 மார்ச், ஏப்ரல் மாதங்களில் உஸ்பெக்கியர்கள் வானா பகுதியிலிருந்து உண்மையிலேயே வெளியேற்றப்பட்டனர். உள்ளூர் மக்களைக் கொல்வதும் தம் விருப்பப்படி நீதி வழங்குவதுமாக அவர்கள் விருந்தினர் என்ற வரம்பை எப்போதோ கடந்திருந்தனர். ஆனால் வெளியேற்றியது ஜிர்கா அல்ல. முல்லா நசீர் என்ற வசீர் தளபதியின் ஆயுதக் குழு. பாகிஸ்தான் அரசு அவருக்கு ஆதரவாக இருந்தது. அவரோ எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளோடு போரிடுபவர். 2013 ஜனவரியில் அவரும் ஆளில்லா விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். துரத்தப்பட்ட உஸ்பெக்கியர்கள் பக்கத்தில் உள்ள மெஹ்சூத் பகுதிக்கும் வடக்கு வசிரிஸ்தானுக்கும் போய்ச் சேர்ந்தனர்.

மூத்தோர் அதற்குள் ஒதுங்கிப் போயிருந்தனர், அல்லது இறந்திருந்தனர். அரசோடு பேசினார்கள், உளவு சொன்னார்கள் என்று குற்றஞ்சாட்டி ஆயுதக் குழுக்கள் பழங்குடித் தலைவர்கள் பலரை ஒருவர் பின் ஒருவராகக் கொன்றன. 2008 மார்ச்சில் தர்ரா ஆதம் கேலில், தீவிரவாதிகளை எதிர்க்க வழிதேடிக் கூடியிருந்த ஜிர்காவின் மீது தற்கொலைத் தாக்குதல் நடந்து ஏறக்குறைய 40 பேர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் ஒரக்சாய் பகுதியில் கூடிய இன்னொரு ஜிர்காவுக்கும் அதே கதி. 2011 மார்ச் 17ஆம் தேதி வடக்கு வசிரிஸ்தானின் தத்தா கேலில், குரோமைட் சுரங்கம் ஒன்றைப் பற்றிய தகராறைத் தீர்க்கக் கூடியிருந்த ஜிர்காவின் மீது ஏவுகணைகளைப் போட்டது அமெரிக்க ஆளில்லா விமானம். அங்கும் இறந்தவர்கள் சுமார் 40 பேர். பலர் ஊர்ப் பெரியவர்கள்.

இந்தச் சம்பவங்களைச் சேர்த்துப் பார்த்தால், பிறகு வசிரிஸ்தானில் யாரிடம் போய் ‘விருந்தினரை அனுப்பி வையுங்கள்’ என்று கேட்பது என்ற கேள்வி எழுவது இயல்பு. அரசுக்கு 2014 ஜூனில் கிடைத்த விடை, வடக்கு வசிரிஸ்தானில் பெரும் ராணுவ நடவடிக்கை. பல லட்சம் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பெரும்பாலோர் பாகிஸ்தானுக்குள் பன்னூ மாவட்டத்துக்குச் சென்றனர். பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானின் கோஸ்த் மாகாணத்துக்குப் போனார்கள். முதலில் அங்கிருந்த பழங்குடியினர் தங்கள் வீடுகளிலேயே அவர்களை ஏற்றுக்கொண்டனர். பிறகு குலான் என்ற இடத்தில் முகாம் அமைந்தது. ஆயுதக் குழுவினர் பலரும் அதே வழியாக எல்லை தாண்டினர்.

இடம் மாறிய கேள்வி

2018 மே மாதம் பாகிஸ்தான் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது திருத்தம் பழங்குடிப் பகுதிகளை கைபர் பக்தூன்க்வா மாகாணத்துடன் இணைத்தது. 1901ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும் அத்தோடு முடிவுக்கு வந்தது. கூட்டுத் தண்டனை சட்டநூலிலிருந்து நீங்கியது.

நடைமுறையில் அது எல்லைக்கு அப்பால் நகர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் காபூலைக் கைப்பற்றியது. வெளிநாட்டு ஆயுதக் குழுக்களுக்கு இடமளிப்பதில்லை என்று 2020இல் தோஹாவில் அவர்கள் கையெழுத்திட்டிருந்தும், அல் ஜவாஹிரி 2022 ஜூலை 31ஆம் தேதி காபூல் நகரின் நடுவே ஒரு வீட்டில் அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்டார். இன்று ஒப்படைக்கச் சொல்லிக் கேட்பது பாகிஸ்தான். கேட்கப்படுபவர்கள் பாகிஸ்தான் தாலிபான் இயக்கத்தினர். அவர்களில் பலர் வசிரிஸ்தானில் ஆப்கன் தாலிபானுக்கு ஒரு காலத்தில் இடமளித்தவர்கள். ஆப்கன் மண்ணை எந்த நாட்டுக்கு எதிராகவும் பயன்படுத்த விடுவதில்லை என்பதே காபூலின் வழக்கமான பதில்.

2022 ஏப்ரலில் கோஸ்த், குனார் மாகாணங்களில் நடந்த வான்வழித் தாக்குதலில் பெண்களும் சிறுவர்களும் உள்ளிட்ட பலர் கொல்லப்பட்டனர். பாகிஸ்தான் விமானங்களே தாக்கியதாக ஆப்கன் தரப்பு கூறியது. இறந்தவர்களில் 2014இல் வடக்கு வசிரிஸ்தானிலிருந்து ஓடிவந்த குடும்பத்தினரும் இருந்தனர். 2023 அக்டோபரில், ஆவணமற்ற வெளிநாட்டவர் அனைவரும் நவம்பர் 1ஆம் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்று இஸ்லாமாபாத் அறிவித்தது. அதன் பிறகு லட்சக்கணக்கான ஆப்கானியர்கள் எல்லை தாண்ட வேண்டியதாயிற்று. அவர்களில் பாகிஸ்தானிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. எந்தத் தாக்குதலோடும் தொடர்பில்லாத அகதிக் குடும்பங்கள், காபூல் மீதான அழுத்தத்தின் ஒரு பகுதியாயின. வானா சந்தையை மூடியபோது செயல்பட்ட அதே கணக்கு இது.

2025 அக்டோபரில் இரு நாட்டுப் படைகளும் எல்லை நெடுகிலும் மோதிக்கொண்டன. கத்தாரும் துருக்கியும் தலையிட்டதன் பேரில் அம்மாதம் 19ஆம் தேதி தோஹாவில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து இஸ்தான்புல்லில் பல சுற்றுப் பேச்சு நடந்தும் உடன்பாடு ஏற்படவில்லை. தோஹாவிலும் இஸ்தான்புல்லிலும் மேசையின் இரு புறமும் அமர்ந்திருந்தவர்கள் அமைச்சர்களும் ராணுவ, உளவுத்துறை அதிகாரிகளும். கோஸ்திலிருந்தோ வானாவிலிருந்தோ எந்தக் குலத்தின் மூத்தோரும் அங்கு அழைக்கப்பட்டிருக்கவில்லை.